ஆசிரியர் என்ற ஒரே சொல்: தஞ்சோங் மாலிமில் தமிழ் இதழியல் ஏன் வேண்டும்?

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துபவருக்கும் ஆசிரியர் என்றே பெயர். பத்திரிகை நடத்துபவருக்கும் ஆசிரியர் என்றே பெயர். மலாயில் முன்னவர் குரு, பின்னவர் பெங்காராங். தமிழோ இருவரையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறது. தெரிந்ததைத் திருத்தமாகச் சொல்வதும், சொன்னதற்குப் பொறுப்பேற்பதும் இருவருக்கும் பொது. இந்தப் பொதுமையை ஊர் அளவில் பார்க்க வேண்டுமானால் பேராக்கின் தென்கோடியில், பெர்னாம் ஆற்றங்கரையில் இருக்கும் தஞ்சோங் மாலிமைத்தான் பார்க்க வேண்டும். ஆசிரியர்களை உருவாக்குவதில் பெயர்பெற்ற ஊர் அது. இன்று அங்கே இருக்கும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், அதாவது நம் பிள்ளைகள் உப்சி என்று சொல்லும் பல்கலைக்கழகம், தமிழ்ப்பள்ளிகளுக்கும் இடைநிலைப்பள்ளிகளுக்கும் தமிழ் கற்பிக்கும் பட்டதாரிகளை அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஆசிரியர் என்ற சொல்லின் ஒரு பாதி அங்கே வளர்கிறது. மறு பாதியும் அங்கேயே வளர வேண்டும், தமிழிலேயே வளர வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இது ஆசையில் பிறந்த கோரிக்கை அன்று. இந்த ஊரின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1916இல் ஜாவாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் போய் அங்குள்ள தாய்மொழிக் கல்வியைப் பார்த்து வந்த ரிச்சர்ட் வின்ஸ்டெட் என்ற ஆங்கிலேய அதிகாரி, மறு ஆண்டு ஓர் அறிக்கை கொடுத்தார். அதன் விளைவாக, மலாக்காவிலும் மாத்தாங்கிலும் இருந்த சிறு பயிற்சிக் கல்லூரிகள் ஒன்றாக்கப்பட்டு, 1922 நவம்பர் 29ஆம் நாள் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆட்சியாளர் அங்கே எதிர்பார்த்தது பெரிதாக ஒன்றுமில்லை. கம்பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த, தோட்ட வேலையும் கூடை முடைதலும் அறிந்த பணிவான மலாய் ஆசிரியர்கள் கிடைத்தால் போதும் என்று நினைத்தார்கள். பாடத்திட்டத்தில் வேளாண்மைக்கும் கைத்தொழிலுக்கும் கணிசமான நேரம் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் 1924இல் அரசின் மலாய் மொழிபெயர்ப்புப் பிரிவும் அதே வளாகத்துக்கு வந்தது. அதன் பொறுப்பில் ஸாபா என்று அழைக்கப்பட்ட ஜைனல் ஆபிதீன் அகமது இருந்தார். மலாய் மொழிக்கு இலக்கண ஒழுங்கைக் கட்டிக்கொடுத்தவர் அவர். பள்ளிப் பாடநூல்களும் பொதுவாசகருக்கான கதைநூல்களும் அந்த அறைகளில் உருவாயின. மாணவர்கள் எந்த மொழியில் படித்தார்களோ, அந்த மொழி புத்தகமாவதைப் பக்கத்து அறையிலேயே பார்த்தார்கள். முதல் முதல்வர் ஓ. டி. டஸ்ஸெக் அதற்குத் தடை போடவில்லை, ஊக்கமே கொடுத்தார்.

விளைவு என்ன? கூடை முடையக் கற்றுக்கொடுத்த கல்லூரியிலிருந்து பத்திரிகையாளர்கள் புறப்பட்டார்கள். அங்கே படித்த இப்ராகிம் யாக்கோப், 1930களின் இறுதியில் கோலாலம்பூரில் வெளிவந்த மஜ்லிஸ் ஏட்டின் ஆசிரியரானார். 1938இல் இளம் மலாயர் சங்கமான கே.எம்.எம். இயக்கத்தைத் தொடங்கினார். மலாயா முழுவதும் சுற்றி மக்கள் நிலையைப் பார்த்து எழுதிய அவருடைய நூல் 1941இல் வெளிவந்தது. அங்கேயே படித்து அங்கேயே ஆசிரியராகவும் இருந்த ஹாருன் அமினுர்ரஷித், போருக்குப் பின் சிங்கப்பூரில் பல மலாய் இதழ்களை நடத்தினார். ஊரூராகச் சென்ற ஆசிரியர்கள் தத்தம் கம்பத்திலிருந்து ஏடுகளுக்கு எழுதினார்கள். மலாய் இதழியலின் வரலாற்றைத் தொகுத்து 1941இல் ஆய்விதழில் எழுதியவரும் ஸாபாதான். அங்கே இதழியல் என்று ஒரு பாடம் இருக்கவில்லை. ஆனால் இதழியலுக்கு அடித்தளமான மூன்று அங்கே ஒன்றுகூடின: திருத்தமான மொழி, நூல் உருவாகும் கூடம், நாட்டின் பல கிராமங்களிலிருந்தும் வந்த ஏழை வீட்டுப் பிள்ளைகள்.

அதே 1924இல் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் தமிழ் நேசனைத் தொடங்கினார். ஒரே ஆண்டில் மலாய்க்கு ஒரு கூடமும் தமிழுக்கு ஓர் ஏடும் கிடைத்தன. நம் ஏடு பின்னால் ஒரு பள்ளி இல்லாமலேயே ஓடத் தொடங்கியது. 2019இல் நின்றுபோகும் வரை அப்படியேதான் ஓடியது. அது சாதித்தது கொஞ்சமில்லை. அந்த ஏட்டில் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளரைத் திரட்டினார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றெல்லாம் கேட்ட 1941ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் அவர் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, உயிர்களும் போயின. எழுதிக்கொண்டிருந்த மேசையிலிருந்து எழுந்து லயத்துக்குப் போன அந்த மனிதரை, இந்நாட்டில் இதழியல் படிக்கும் ஒவ்வொரு தமிழ் மாணவரும் முதல் வாரத்திலேயே அறிந்திருக்க வேண்டும்.

பள்ளி இல்லாத குறையை ஏடுகளே நிரப்பிக்கொண்டன. 1950இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். அச்சுத்தாளே வகுப்பறையாக, தோட்டத்தில் இருந்தபடியே எழுதிப் பழகியவர்கள் மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் முதல் வரிசையாக வளர்ந்தார்கள். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி, தமிழ் முரசின் மாணவர் மணிமன்றப் பக்கத்தின் வழியாக ஒரு தலைமுறை இளைஞர்களை எழுத வைத்தார். அவரே இன்னொன்றும் செய்தார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்தபோது அங்கே தமிழுக்கு முதலிடம் வேண்டும் என்று வாதாடி, தமிழ் எங்கள் உயிர் என்ற பெயரில் நிதி திரட்டினார். பால்மரம் சீவியவர்களும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தார்கள். 1956இல் துறை பிறந்தது. பின்னர் தனிநாயகம் அடிகள் அதற்குத் தலைமை ஏற்றார்; 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது. ஒரு பத்திரிகை ஆசிரியர் வாசகரின் காசைக் கொண்டு பல்கலைக்கழகத்துக்குத் தமிழைக் கொண்டு சேர்த்தார். அறுபது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. பல்கலைக்கழகம் திரும்பப் பத்திரிகைக்கு என்ன கொடுத்தது? இலக்கியம் கொடுத்தது, இலக்கணம் கொடுத்தது, ஆய்வேடுகள் கொடுத்தது, அவற்றின் வழியாகச் சில நல்ல எழுத்தாளர்களையும் கொடுத்தது. செய்தியைச் சேகரிக்கவும் சரிபார்க்கவும் தமிழில் எழுதவும் ஒரு துறையைக் கொடுக்கவில்லை.

இதழியல் இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் புதிதன்று. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் ஷா ஆலாமில் உள்ள மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் 1970களின் தொடக்கத்திலேயே தொடர்பியல் கல்வி தொடங்கிவிட்டது. பேராக்கிலேயே, கம்பாரில் உள்ள துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகத்தில் இதழியல் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகிறது. சீனக் கல்வி இயக்கம் 1998இல் காஜாங்கில் நிறுவிய நியூ எரா கல்லூரியில் ஊடகவியலைச் சீன மொழியிலேயே படிக்கலாம். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள், வானொலி, தொலைக்காட்சிச் செய்தி, நாளேடுகள், இணையத்தளங்கள் எல்லாம் உள்ள ஒரு மொழிக்கு மட்டும் அந்த வாய்ப்பு இல்லை. தமிழ்ப் பட்டப்படிப்புக்குள் ஒன்றிரண்டு பாடமாக இதழியலைத் தொட்டுச் செல்வது வேறு. துறையாக வைத்து மூன்று நான்கு ஆண்டு பழக்குவது வேறு.

இதை எதிர்ப்பவர்கள் முதலில் சொல்வது பழைய வாதம்: இதழியல் கற்றுத்தரக்கூடியதல்ல, செய்திக்கூடத்தில் உழன்று பழக வேண்டியது. இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. சுதேசமித்திரனைத் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர் இதழியல் படித்தவரல்லர். புதுக்கோட்டையில் பொன்னியை நடத்திவிட்டு இங்கே வந்து தமிழ் நேசனின் ஆசிரியரான முருகு சுப்பிரமணியனும் அப்படித்தான். நம் காலத்தில் வானம்பாடி, தமிழ் ஓசை, மலேசிய நண்பன் என்று ஏட்டுக்கு ஏடு வாசகரை இழுத்துச் சென்ற ஆதி. குமணனும் செய்திக்கூடத்தில் வளர்ந்தவரே. அமெரிக்காவில் ஜோசப் புலிட்சரும் இதே எதிர்ப்பைச் சந்தித்தார். 1892இல் கொலம்பியா பல்கலைக்கழகத்திடம் இதழியல் கல்லூரி தொடங்கப் பணம் தருகிறேன் என்றார், மறுத்துவிட்டார்கள். 1904இல் நீண்ட கட்டுரை எழுதி எதிர்ப்பாளர் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். அவர் இறந்த மறு ஆண்டு, 1912இல்தான் அந்தப் பள்ளி திறந்தது. அதற்குள் மிசௌரியில் 1908லேயே ஒன்று தொடங்கிவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1947இல் இதழியல் துறை வந்தது. ஆனால் இந்தப் பெரியவர்களின் வரலாற்றை அருகில் போய்ப் பார்த்தால் வாதம் திரும்பிக்கொள்கிறது. சுப்பிரமணிய ஐயர் பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவர். பாரதியும் மதுரை சேதுபதி பள்ளியில் தமிழாசிரியராக இருந்துவிட்டே சுதேசமித்திரனுக்குப் போனார். பழக்கம் செய்திக்கூடத்தில் கிடைத்தது. ஒழுங்கு அதற்கு முன்பே வேறிடத்தில் கிடைத்திருந்தது. அன்றைய செய்திக்கூடத்தில் புதியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துத் திருத்திக் காட்டும் மூத்த துணையாசிரியர் இருந்தார். ஆட்குறைப்பில் முதலில் போனது அந்த நாற்காலிதான். கற்றுக்கொடுக்க ஆளில்லாத கூடத்தில் உழன்று பழகு என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது கைவிடுவதற்குச் சமம்.

இன்னும் கூர்மையான எதிர்வாதம் ஒன்று உண்டு. தஞ்சோங் மாலிமில் இதழியல் பாடமே இல்லாமல் இதழாளர்கள் வந்தார்கள் என்று நானே மேலே எழுதியிருக்கிறேன். அப்படியானால் பாடம் எதற்கு? பதில் அதே இப்ராகிம் யாக்கோப்பின் வாழ்க்கையில் இருக்கிறது. 1941இல் அவர் வார்த்தா மலாயா ஏட்டை விலைக்கு வாங்கினார். அதற்கான பணம் ஜப்பானியத் துணைத்தூதரகம் வழியாக வந்தது என்பதை வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மொழித்திறன் இருந்தது, மக்கள்மேல் பரிவு இருந்தது, துணிவு இருந்தது. அச்சகத்துக்கு யார் பணம் தருகிறார், அதை வாசகருக்குச் சொல்ல வேண்டாமா என்று கேட்டு நிறுத்தும் தொழில் ஒழுக்கம் இல்லை. அந்தக் கல்லூரி கொடுத்ததன் பெருமைக்கும் கொடுக்காததன் விலைக்கும் ஒரே மனிதர் சாட்சியாக நிற்கிறார். உணர்ச்சியும் நடையும் வீட்டிலும் மேடையிலும் வந்துவிடும். சான்று கேட்பதும், பணம் வரும் வழியை விசாரிப்பதும், தவறினால் மறுநாள் திருத்தம் போடுவதும் தாமாக வருவதில்லை. யாராவது கற்பிக்க வேண்டும், பலமுறை செய்ய வைக்க வேண்டும்.

சரி, மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்துவிட்டு வரட்டுமே, தமிழ்தான் வீட்டிலேயே தெரியுமே என்பது அடுத்த மறுப்பு. தமிழ்ச் செய்தியாளரின் அன்றாட வேலையை அறிந்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமாவின் செய்தி பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் வருகிறது, வழக்குப் பத்திரம் மலாயில் இருக்கிறது, நிறுவனங்களின் ஆண்டறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. இவற்றைப் படித்து, புரிந்து, தமிழில் தருவதுதான் அவர் வேலை. மும்மொழிப் பயிற்சி ஒரே மேசையில் நடக்க வேண்டிய தொழில் இது. ஓர் எடுத்துக்காட்டு போதும். இந்நாட்டில் பிறந்து, தோட்டத்திலேயே மூத்துப்போய், இன்னும் சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் பாட்டிமார் இருக்கிறார்கள். சிவப்பு அட்டைக்காரர் நிரந்தர வசிப்பிடத் தகுதி உடையவர். எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாதவர் வேறு. பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டதால் தவிக்கும் பிள்ளை வேறு. மூவருக்கும் கூட்டரசு அரசியலமைப்பில் வெவ்வேறு வழி. தமிழ்ச் செய்தியில் மூவரையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பினால், அதைப் படித்துவிட்டுத் தேசியப் பதிவிலாகாவுக்குப் போகும் குடும்பம் தவறான முகப்பில் நிற்கும். இந்தச் சொற்களை யார் தீர்மானிப்பது? மலாய்க்கு 1924இல் ஒரு மொழிபெயர்ப்புப் பிரிவு செய்த வேலையைத் தமிழ்ச் செய்திக்கு எந்தக் கூடமும் இன்றுவரை செய்யவில்லை. ஒவ்வொரு மேசையும் தனக்குத் தோன்றியபடி செய்துகொள்கிறது.

பணக்கணக்கில் இந்தக் குறை இன்னும் வலிக்கும். 1982இல் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு இந்தியக் குடும்பங்கள் நூறு மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்தன. நகையை அடகு வைத்துக் கொடுத்தவர்கள் உண்டு. எதிர்பார்த்த பலன் வரவில்லை. 2010இல் ஒரு தொழிலதிபர் பங்குக்கு 80 சென் தந்து வாங்க முன்வந்தபோதுதான் பலருக்குப் போட்ட பணத்தின் பெரும்பகுதியாவது திரும்பியது. கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகளில் அது எத்தனையோ மேடைகளில் பேசப்பட்டது, எத்தனையோ தலைப்புகளில் வந்தது. அந்த நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கை வரிவரியாகப் படித்து, கடன் எவ்வளவு, முதலீடு எங்கே, நட்டம் எதில் என்று ஆண்டுதோறும் எளிய தமிழில் விளக்கியிருந்தால், பங்குதாரர் கூட்டத்தில் அந்தத் தொழிலாளி எழுந்து கேட்டிருக்கக்கூடிய கேள்வியே வேறாக இருந்திருக்கும். ஐந்தொகை படிக்கத் தெரிந்த தமிழ்ச் செய்தியாளர் ஆடம்பரம் அல்லர்.

வேலை எங்கே இருக்கிறது என்று பெற்றோர் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். தொண்ணூற்றைந்தாம் ஆண்டில் தமிழ் நேசன் நின்றதைப் பார்த்த பிறகு, பிள்ளையை அச்சுக்கூடத்துக்கு அனுப்ப எந்தத் தாயும் தயங்குவார். நாளேடுகளின் வருமானம் சுருங்கியிருப்பதும் உண்மை. ஆனால் செய்தி சுருங்கவில்லை. வாட்ஸ்அப்பிலும் டிக்டாக்கிலும் முன்னைவிட அதிகமாகவே ஓடுகிறது. மின்னல் வானொலிக்கும் பெர்னாமாவின் தமிழ்ச் செய்திக்கும் இணையத்தளங்களுக்கும் ஆள் வேண்டும். இவற்றைவிட உறுதியான பதில் உப்சியிலேயே இருக்கிறது. அங்கே படிப்பவர் முதலில் ஆசிரியராகப் போகிறார். இதழியலை இரண்டாம் துறையாகக் கற்ற தமிழாசிரியர் வேலையில்லாமல் நிற்க மாட்டார். வகுப்பில் ஒரு செய்தியை வைத்து, இதை யார் சொன்னார், எப்படித் தெரியும், எதை விட்டுவிட்டார் என்று பத்து வயதுப் பிள்ளையைக் கேட்க வைப்பார். பொய்ச் செய்தியைத் தடுக்கும் சட்டங்கள் எத்தனை வந்தாலும் இதைப்போல் வேலை செய்யாது. நல்ல வாசகர் இல்லாமல் நல்ல ஏடு நிலைத்ததாக எங்கும் வரலாறு இல்லை.

பட்டம் கிடைத்தால் மட்டும் எழுதிவிட முடியுமா, உரிமையாளர் விடுவாரா, சட்டம் விடுமா என்ற ஐயமும் நியாயமானதே. தமிழ் ஏடுகள் பல அரசியல் தலைவர்களோடும் அவர்கள் குடும்பங்களோடும் நெருங்கியே இருந்திருக்கின்றன; தமிழ் நேசனே நீண்டகாலம் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் ஒருவரின் குடும்பத்தார் கையில் இருந்தது. 1948ஆம் ஆண்டின் நிந்தனைச் சட்டமும் 1984ஆம் ஆண்டின் அச்சக, வெளியீட்டுச் சட்டமும் இன்னும் இருக்கின்றன. பட்டம் இவற்றை அகற்றாது. ஆனால் எல்லை எதுவென்று அறியாதவர் எல்லைக்குப் பத்தடி முன்பே நின்றுவிடுகிறார். அறிந்தவர் எல்லைவரை போகிறார். 2025இல் நாடாளுமன்றம் மலேசிய ஊடக மன்றத்துக்கான சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. நெறிமுறை எழுதப்படும் மேசையில் தமிழ் ஊடகத்தின் சார்பில் பேச, நெறிமுறையைப் படித்தவர்கள் வேண்டும்.

ஏன் தஞ்சோங் மாலிம், கோலாலம்பூராக இருக்கக் கூடாதா என்றால், கற்க வேண்டிய செய்தி அந்த ஊரைச் சுற்றிக் கிடக்கிறது என்பதே காரணம். பேராங், சிலிம் ரிவர், கலும்பாங் என்று தோட்டங்களோடு வளர்ந்த ஊர்கள் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. 2003இல் புரோட்டோன் தொழிற்சாலை வந்தது. 2023இல் உயர் தொழில்நுட்ப வாகனப் பள்ளத்தாக்குத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ரப்பரும் செம்பனையும் நின்ற வட்டாரம் தொழிற்பேட்டையாக மாறும்போது, நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, லயத்தில் இருந்தவருக்கு வீடு கிடைத்ததா, புதிய வேலையில் நம் இளைஞர் எத்தனை பேர், பள்ளிக்கூடத்தின் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்விகள் எழுகின்றன. 1950களின் தோட்டத் துண்டாடலின்போதும் இவைதான் எழுந்தன. அதைத் தடுக்கத்தான் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நிலப்பதிவைப் படிக்கவும், மாவட்ட அலுவலகத்தில் கேட்கவும், முதியவரிடம் பொறுமையாகப் பேசிப் பதிவு செய்யவும் தெரிந்த மாணவருக்கு அந்த வட்டாரமே ஆய்வுக்கூடம். வாரம் ஒரு மாணவர் ஏடு வெளியிடட்டும், தவறுக்குத் திருத்தம் போடட்டும், செய்திச் சொற்களுக்கு ஒரு கையேடு உருவாக்கி எல்லாத் தமிழ்ச் செய்திக்கூடத்துக்கும் இலவசமாக அனுப்பட்டும்.

மொழி, தொடர்பியல் இரண்டுக்கும் சேர்த்து ஒரே புலம் உப்சியில் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ் விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள், மாணவர்கள் இருக்கிறார்கள். புதிதாகக் கட்டடம் எழுப்பவும் வேண்டாம், புதிய பல்கலைக்கழகம் கேட்கவும் வேண்டாம். இரு துறையினரும் சேர்ந்து ஒரு பாடத்திட்டம் எழுத வேண்டும், உயர்கல்வி அமைச்சு அதற்கு ஒப்புதல் தர வேண்டும், தமிழ் ஊடக நிறுவனங்கள் பயிற்சிக்கு இடம் தர வேண்டும். தமிழ் எங்கள் உயிர் நிதிக்கு வெள்ளி கொடுத்தவர்களிடம் அன்று அதிகாரம் இருக்கவில்லை. பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கவும் முழுதாகத் தெரியாது. இன்று நமக்கு வாக்கு இருக்கிறது, சங்கங்கள் இருக்கின்றன, நாடாளுமன்றத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். இந்த இதழை மூடி வைக்கும் முன் உங்கள் தொகுதி உறுப்பினருக்கும், உங்கள் பிள்ளை படித்த தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். தஞ்சோங் மாலிமில் தமிழ் இதழியல் துறை வேண்டும் என்று அதில் கேளுங்கள்.